மீதி

பெட்டியின் மேல் நாற்பத்து நான்கு என்று அச்சிட்டிருந்தது.
அச்சை நம்பாதே, எண்ணிப் பார் என்றேன்.
மேசைமேல் கொட்டினாள் ரெய்னா.
மொண்டேவீடியோவில் ஹனுக்கா கோடையில் வரும்.
இரவு எட்டு மணிக்கும் ஆற்றின்மேல் வெயில் கிடக்கும்,
மெழுகுவர்த்திகள் பெட்டிக்குள்ளேயே
சற்றுக் குனிந்து போயிருக்கும்.

எண்ணினாள். கலைத்துவிட்டு மறுபடி எண்ணினாள்.
"நாப்பத்தஞ்சு."
ஒன்றைத் தனியே உருட்டிவிட்டாள்,
உப்புப் புட்டியருகே போய் நின்றது அது.

முதல் இரவுக்கு ஒன்று, மறுநாள் இரண்டு,
எட்டாம் இரவுக்கு எட்டு.
ஒவ்வோர் இரவும் கூடவே ஒரு ஷமாஷ்,
மற்றவற்றை ஏற்றிவிட்டுத் தள்ளி நிற்கும்
வேலைக்காரத் திரி.
"அதையும் எண்ணணுமா?"
அதுவும்தானே எரிகிறது என்றேன்.

பழைய நாட்காட்டியின் முதுகில்
எட்டுக் கட்டம் போட்டுக் கொடுத்தேன்.
சோடா மூடிகள் ஒரு ஜாடி நிறைய இருந்தன,
மவ்ரிசியோ போகும்போது எடுக்காமல் விட்டவை.
இரண்டு மூடி, மூன்று மூடி, நான்கு...
ஒன்பதில் முடியும் படிக்கட்டு.
இவ்வளவுதான் நான் யோசித்து வைத்த விளையாட்டு.
கூட்டல் பழகட்டும் என்று.

அவளோ வகுக்கத் தொடங்கினாள்.

"நாலு ராத்திரி இங்கே, நாலு அப்பா வீட்ல.
வக்கீல் தாள்ல அப்படித்தானே இருக்கு?"
அந்தத் தாளை அவளுக்கு யார் படித்துக் காட்டியது?

முதல் நான்கு படிகளை என் பக்கம் தள்ளினாள்: பதினான்கு.
பின் நான்கு அவனுக்கு: முப்பது.
"உனக்குக் கம்மி."
பரவாயில்லை கண்ணு.
"பரவாயில்லைன்னா கணக்கு சரியாயிடுமா?"

ஒன்று விட்டு ஒன்று எடுத்துப் பார்த்தாள்.
எனக்கு இருபது. அவனுக்கு இருபத்து நான்கு.
ஒரு மூடியைப் பல்லிடுக்கில் கடித்தபடி
வெகுநேரம் பேசவில்லை.
கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார்கள்,
கிளம்பவேயில்லை.

பிறகு, குட்டையான படியைத் தூக்கி
நெட்டையான படியின் தலைமேல் வைத்தாள்.
இரண்டாம் குட்டையை இரண்டாம் நெட்டைமேல்.
அப்படியே நடுவரைக்கும்.
படிக்கட்டு போய்விட்டது.
நான்கு சுவர்கள், ஒரே உயரம்.
பதினொன்று என்று எண்ணக்கூட இல்லை அவள்,
உள்ளங்கையால் மேலே தடவிப் பார்த்தாள்.

"ரெண்டு சுவர் உனக்கு, ரெண்டு அப்பாவுக்கு."

முதல் இரவு நான்.
இரண்டும் மூன்றும் அவன்.
நான்கும் ஐந்தும் நான்.
ஆறும் ஏழும் அவன்.
எட்டாவது மறுபடி நான்.
இருபத்திரண்டு, இருபத்திரண்டு.
ஒரு திரி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நாட்காட்டியைத் திருப்பி
நான் வேறொன்றை எண்ணினேன்.
நகரத்தின் குறுக்கே நான்கு பயணம்.
பல் துலக்கி, செருப்பு, துணி முயல், நான்கு முறை.
மெழுகுவர்த்திகளுக்கு நியாயமான கணக்கு
ஆறு வயதுத் தோளுக்கு நியாயமா?
கேட்கவில்லை.
அவள் ஏற்கெனவே ஜன்னலோர இருக்கைகளைக்
கூட்டிக்கொண்டிருந்தாள்:
"நாலு தடவை பஸ்!"

மவ்ரிசியோவை அழைத்துச் சொன்னேன்.
மறுமுனையில் குழாய்த் தண்ணீர் நின்றது.
"யார் கண்டுபிடிச்சது?" என்றான்.
சொன்னேன்.
சிறிது நேரம் கழித்து,
இங்கே விளக்குத் தாங்கி இல்லை,
பலகையில் மூடி ஒட்டிச் செய்கிறேன்,
எத்தனை வேண்டும், கேட்டுச் சொல் என்றான்.
கேட்கத் தேவையிருக்கவில்லை.
ஒன்பது மூடிகளை, ஒரு முழுப் படியை,
காலுறைக்குள் போட்டு முடிச்சிட்டுவிட்டாள்.

விளக்கேற்ற இன்னும் மூன்று நாள் இருந்தது.
மேசையைத் துடைக்கப் போனபோது
உப்புப் புட்டியருகே அந்த நாற்பத்தைந்தாவது.
இது யாருக்கு என்றேன்,
பாதியாக உடைக்கவா?

பயந்துபோய்ப் பிடுங்கிக்கொண்டாள்.
"அது உனக்குமில்ல, அப்பாவுக்குமில்ல."
பையின் பக்கவாட்டு அறையைத் திறந்து
தண்ணீர்ப் புட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்,
நீல நிறம், வெயிலில் ஒருபுறமாய்ச் சாய்ந்தது.

"அது என்கூட வரும்."